நைனாவின் தோளில் எம்டன்

நைனா,

நேற்றுக் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில், தண்டையார்ப்பேட்டை மார்க்கெட்டைத் தாண்டியதும், நான் ஏறிப்போன ரிக்‌ஷாவின் சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. ரிக்‌ஷாக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சைக்கிள் கடை வாசலில் நிறுத்தினார். கடைக்காரர் டியூபை உருவிக் காற்று அடித்தார். நசுங்கிப்போன ஒரு அலுமினியப் பேசினில் அழுக்குத் தண்ணீர் இருந்தது. டியூபை அதில் முக்கி, மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஓரிடத்தில் குடுகுடுவென்று குமிழிகள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவே கூச்சப்படுகிற நான்.

"இன்னாம்மா, எனுக்குப் பஞ்சரு, உனுக்கு சிரிப்பா கீதா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"இல்லீங்க, எங்க நைனா ஞாபகம் வந்துடுச்சு."

"அவரும் வண்டி ஓட்டுனாரா?"

"இல்ல. தண்ணியில முக்கிப் பாக்கறவரு."

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் அவரைப் பார்த்தார். அதற்குமேல் இரண்டு பேரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய். பேசினைப் பிடுங்கி, "இப்பிடித் திருப்பக் கூடாது வாத்யாரே, நிதானமா" என்று அந்தக் கடைக்காரருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருப்பாய். திருவொற்றியூர் பீப்பாய்க் கம்பெனியில் உனக்கு அதுதானே வேலை. எண்ணெய் அடைக்கிற இரும்புப் பீப்பாய்கள் ஒவ்வொன்றாக உன்னிடம் வரும். வாயை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, பெரிய தொட்டித் தண்ணீரில் அமுக்கி உருட்டுவாய். குமிழி வந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுப் பற்றவைக்கிறவரிடம் திருப்பி அனுப்புவாய். "பெயிண்டு ஷோக்கா கீதேன்னு பாக்காத. தண்ணியில முக்கு, ஓட்டை தானா பேசும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாயாம். வீட்டில் அதை நீ சொன்னதே இல்லை. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. பகலெல்லாம் பீப்பாயில் ஓட்டை தேடுகிற நீ, சாயங்காலமெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலகத்திலேயே பெரிய ஓட்டைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

எம்டன் கதை.

என் வகுப்புப் பெண்களுக்கு எம்டன் என்றால் கறாரான ஆளைக் குறிக்கிற ஒரு சொல், அவ்வளவுதான். அது ஒரு கப்பல் என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். முதல் உலக யுத்தம் தொடங்கிய வருஷத்தில், அந்த ஜெர்மன் போர்க்கப்பல் ராத்திரி நேரத்தில் வந்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே மேற்கே பார்த்து ஓடியது. அன்றிலிருந்து ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அதுதான் காலண்டர். "எம்டனுக்கு முன்னால கட்டுன வூடு", "எம்டன் வந்தப்போ இவ வயித்துல". யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. எம்டனுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

நீ அந்தப் பக்கம். அதுவும் சாதாரணமாக இல்லை.

"அப்போ எனுக்குப் பதினாறு வயசு," என்று ஆரம்பிப்பாய். "ஊரே மேக்கால ஓடுது. நான் ஒருத்தன் மட்டும் கெயக்கால ஓடுறேன், கடலப் பாத்து. இன்னாடா கப்பலு, எந்த ஊரு கப்பலு, ஒரு கை பாக்கலாம்னு. கரையில நிக்கறேன். டமால்! இங்க வந்து பட்டுச்சு." சட்டையை இறக்கி இடது தோளைக் காட்டுவாய். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பான தழும்பு. பெஞ்சில் இருப்பவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "அப்பறம் கட்டுமரத்தத் தள்ளினு போயி பத்து பேரக் காப்பாத்துனேன்." அந்தப் பத்து பேர் எதற்காகக் கடலில் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. தழும்பு இருக்கும்போது யார் கேட்பார்கள்?

பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, "எம்டனையே பாத்துட்டேன், இவன் இன்னா" என்று நீ மட்டும் வீட்டில் இருந்துகொண்டாய். அம்மா என்னை இழுத்துக்கொண்டு மீஞ்சூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்ததும் எதிர்வீட்டு அக்கா சொன்னாள், அபாயச் சங்கு ஊதியபோதெல்லாம் நீ ஒரு காலிப் பீப்பாய்க்குள் இருந்தாயாம். "அத்த டெஸ்ட் பண்ணிகினு இருந்தேன்" என்றாய்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால்தான் எனக்குச் சரித்திரத்தின் மேல் ஆசை வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது ஓட்டைப் பீப்பாய். காலேஜில் சேர்ந்த அன்று எனக்குத் தாவரவியல்தான் வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் "ஹிஸ்டரி" என்று கணீரென்று சொன்னாள். குமாஸ்தா தலையைத் தூக்காமல் என்னைப் பார்த்து, "உனக்கும் அதானா?" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டேன். நான் பி.ஏ. சரித்திரம் படித்தது அப்படித்தான். இரண்டு வருஷம் ராஜாக்கள் வந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், போனார்கள். அவர்கள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நானும் அவர்களைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் நீ டீக்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாய்.

"எனுக்கு அம்பத்தஞ்சு ஆயிடுச்சாம்," என்றாய்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"எனுக்குத்தான். அடுத்த மாசத்தோட வேலை கெடையாதாம். வூட்டுக்குப் போவச் சொல்றான்."

அம்மா அரிசி களைந்த கையோடு எழுந்து வந்தாள். "அம்பத்தஞ்சா? எனுக்கே இன்னும் நாப்பது ஆவல. அப்போ கெயவனையா எனுக்குக் கட்டி வச்சாங்க? நாப்பத்தஞ்சு கூட இருக்காதேய்யா உனுக்கு!"

அப்போதுதான் நீ மெதுவாக விஷயத்தைச் சொன்னாய். கம்பெனியில் சேர்ந்த அன்று வயது கேட்ட கிளார்க்கிடம் தெரியாது என்றிருக்கிறாய். அவர் நம் ஊர்ப்பக்கத்து வழக்கப்படி, "எம்டன் வந்தப்போ இருந்தியா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இருந்தேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கேட்கிற காது ஒன்று கிடைத்தால் உன்னால் நிறுத்த முடியுமா? பதினாறு வயது, கிழக்கே ஓட்டம், கட்டுமரம், பத்து பேர், தழும்பு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். அவரும் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, எம்டன் வந்தபோது பதினாறு என்று கணக்குப் போட்டு எழுதிக்கொண்டார். வாயாலேயே உனக்கு நீ பத்து வயது கூட்டிக்கொண்டாய். அந்தக் கிளார்க் இப்போது ஹெட் கிளார்க். கணக்கை அவர் மறக்கவில்லை.

உன் வேலை போனால் என் படிப்பும் போகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும், தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுவதற்குப் பொம்பளைப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராஜாக்களின் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போகப்போகிறது என்றதும் அது கூட வேண்டியதாக இருந்தது.

புது மேனேஜர் நல்லவர். "வயசு தப்புன்னா, அப்போ உங்களைத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றிருக்கிறார். பிறப்பை எழுதிவைக்க நம் குடிசைப் பக்கம் யார் வந்தார்கள்? சாட்சிதான் ஒரே வழி.

"டீக்கடையில நம்ம தோஸ்துங்க எத்தினி பேரு கீறாங்கோ!" என்று நீ துள்ளி எழுந்தாய்.

"உக்காருய்யா," என்றாள் அம்மா. "அவனுங்க எம்டனையா பாத்தானுங்க? உன்னத்தான் பாத்தானுங்க. நீ சொன்ன கதையத்தான் அங்கயும் போயி சொல்லுவானுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீதான் அது படிக்கிறியே. அந்தக் காலத்து ஆளுங்க யாரு கீறாங்கன்னு பாத்து, போயி கேட்டுகினு வா."

மூல ஆதாரத்துக்கும் கேட்டுச் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் பேராசிரியர் ஒரு மாதம் நடத்தினார். அம்மா அரிசி களைகிற நேரத்தில் முடித்துவிட்டாள்.

முதலில் சேவியர் மாமா வீட்டுக்குப் போனேன். எம்டன் ராத்திரியைப் பற்றி ராயபுரத்தில் அவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் வாசலைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் அவர் சம்சாரம் மேரியம்மாதான் வெளியே வந்து, "ரூம்பு காலியில்ல பாப்பா, வாடகைக்கு வுட்டாச்சு" என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டுத் திரும்ப இருந்தேன். நல்ல வேளையாக, "இன்னா விசயம்?" என்று கேட்டார்.

எம்டன் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளேயிருந்து சேவியர் மாமா சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "உங்க நைனாவா? எனுக்குத் தெரியாது பாப்பா. நான் எங்கம்மாவத் தோள்ல தூக்கினு ஓடிகினு இருந்தேன். குண்டு இதோ, இங்க, என் காலாண்ட வந்து வியுந்துச்சு."

"காலாண்ட வியுந்துச்சுன்னா காலு எங்க போச்சு?" என்றார் மேரியம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே. "பாப்பா, இந்தாளு அம்மாவத் தூக்கல. மாமியார நான்தான் கையப் புடிச்சு இட்டாந்தேன். இந்தாளு தூக்கினு ஓடுனது கொழம்புச் சட்டி."

"அடியே!"

"கத்திரிக்கா போட்ட கருவாட்டுக் கொழம்பு. அப்போதான் அடுப்புலந்து எறக்குனேன். கல்யாணம் ஆயி நான் வச்ச மொதக் கொழம்பு. அத்த வுட்டுட்டு வர மனசில்ல இந்தாளுக்கு."

 சேவியர் மாமாவுக்கு இத்தனை வருஷமாக அடக்கிவைத்த கோபம் வந்துவிட்டது. "முழுச்சட்டியும் பொழைச்சிருக்கும் பாப்பா! ஒரு புள்ள... பொட்டுத் துணியில்ல, முண்டமா... நாங்கல்லாம் மேக்கால ஓடுறோம், அது கடலப் பாத்து ஓடியாருது, எதுக்கால! நேரா என் முட்டியில வந்து மோதிச்சு. பாதிக் கொழம்பு அது மேல. யாரு பெத்த கஸ்மாலமோ!"

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, நைனா. உன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டாரே என்ற ஏமாற்றம்தான். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் எண்ணூருக்கு, அத்தை வீட்டுக்கு. உன்னைவிட ஆறு வயது மூத்த உன் அக்கா. உப்பளத்து ஓரம் குடிசை வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்து வெகுகாலம். காரணம் உனக்கும் ஞாபகமில்லை, அவளுக்கும் இல்லை. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. சாமர்த்தியம் ஒன்றுமில்லை, வாய் வராது, அவ்வளவுதான். "எம்டன் வந்த ராத்திரி..." என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டேன். மீதியை அவளே சொன்னாள்.

"அப்போ காசிமேட்டுல கீறோம். வெளிய மணல்ல படுத்துகினு இருந்தோம். டமால்னு சத்தம். வானமே செவந்து போச்சு. எல்லாரும் எயுந்து ஓடுறாங்க. பாத்தா இவனக் காணோம். துணியில்லாம படுத்திருந்தவன் அப்பிடியே எயுந்து கடலப் பாத்து ஓடிகினு கீறான். ஒத்தியூர் கோயில் திருநாளுக்கு வாணம் வுடுறாங்கன்னு நெனச்சுகினான், மூதேவி. 'வாணம், வாணம்'னு கத்திகினே ஓடுறான். நான் தொரத்தினு போயி, புடிச்சு, இடுப்புல தூக்கி வச்சுகினு ஓடியாந்தேன்."

அவள் வலையை மடியில் போட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனுக்கு இந்நாள் வரைக்கும் வெளங்கல. தூக்குறப்போ இவன் மேல ஒரே கருவாட்டுக் கொழம்பு நாத்தம். தலையில ஒரு கத்திரிக்காத் துண்டு ஒட்டினு கீது. எங்க வூட்ல அன்னிக்குக் கஞ்சிதான். தோள்ல கொப்புளம் வேற. எம்டன் நெருப்பு பட்டுச்சுன்னு ஊரே சொல்லிச்சு, மஞ்சா அரைச்சு வச்சாங்க. நெருப்புல ஏதுடா கத்திரிக்கா? யாரு கேட்டா?"

"கத்திரிக்காயா?" என்று அத்தையை இன்னொரு தடவை கேட்டேன், நைனா.

ராயபுரத்தில் ஒரு சட்டியிலிருந்து கத்திரிக்காய் போனது. எண்ணூரில் ஒருத்தியின் ஞாபகத்தில் அது வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வந்தது எப்படி என்று அவளுக்குத் தெரியாது, போனது எங்கே என்று அவருக்குத் தெரியாது. முப்பத்தொன்பது வருஷம் ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். ரயிலில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த அம்மாள் தன் குழந்தையை என் பக்கத்திலிருந்து இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். கோட்டையைப் பிடித்த எந்த ராஜாவுக்கும் அந்தச் சந்தோஷம் இருந்திருக்காது.

இன்னொன்றும் அந்த ரயிலில்தான் புரிந்தது. ஆட்கள் பெருமையாகச் சொன்ன இடங்களிலெல்லாம் குமிழி வந்தது. தூக்காத அம்மா, காலடியில் விழாத குண்டு. வெட்கப்பட்டுச் சொன்ன இடத்தில், அல்லது இது என்ன என்று புரியாமல் சொன்ன இடத்தில், குமிழி இல்லை.

வீட்டுக்கு வந்தபோது நீ குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தாய். ஈரத்தில் தழும்பு மின்னியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் அம்மாவிடம் நான் முணுமுணுத்ததை அவள் வாங்கிக்கொண்டு உரக்கச் சொல்லிவிட்டாள். "யோவ்! அது எம்டன் இல்லியாம்யா! கருவாட்டுக் கொழம்பாம்!" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்தாள்.

நீ சிரிக்கவில்லை. கையைத் தோளில் வைத்துக்கொண்டாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டுமரமும் பத்து பேரும்தான் நீ சேர்த்தது. தழும்பை நீ நிஜமாகவே நம்பியிருந்தாய். ஆறு வயதில், தூக்கக் கலக்கத்தில், வானம் சிவந்து வெடித்த நேரத்தில் தோளில் சுட்டது. எம்டன் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாய்?

"எவன் சொன்னான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், ஈரத் துண்டோடு வெளியே போய்விட்டாய். மீதியைச் சொல்ல நீ விடவில்லை.

மேனேஜர் அறையில் அன்று எல்லோரும் இருந்தோம். பேச்சறுந்த தம்பிக்காக அத்தை எண்ணூரிலிருந்து வந்துவிட்டாள். "வேலை போனா இவன் என் வூட்டுக்கு வந்து உக்காந்துக்குவான்" என்று காரணமும் சொன்னாள். எம்டன் ராத்திரியைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டதும் சேவியர் மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்; அத்தையிடமும் அவரிடமும் கத்திரிக்காய்ச் சேதியை நான் சொல்லியிருக்கவில்லை. கொழம்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. வாசலில் உன்னோடு வேலை செய்கிற ஆட்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உன் கதையைத் தினம் கேட்டவர்கள்.

"சார், இவரே தன் வாயால சொன்னது. பதினாறுன்னு" என்றார் ஹெட் கிளார்க்.

மேனேஜர் உன்னிடம் கேட்டார். "சொல்லுங்க. எம்டன் வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?"

நீ மேனேஜரைப் பார்த்தாய். பிறகு வாசலைப் பார்த்தாய். அத்தனை தலைகள். 

"பதினாறு இருக்கும் சார்," என்றாய்.

அம்மா தலையில் அடித்துக்கொண்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "பதினாறா?" என்று அத்தை எழுந்துவிட்டாள். "டேய், அன்னிக்கு உன் இடுப்புல அரணாக் கயிறு கூட இல்லடா!" வாசலில் சிரிப்பு. ஹெட் கிளார்க், "அக்கா தம்பிக்காகச் சொல்றாங்க சார், இதெல்லாம் எடுபடாது" என்றார். மேனேஜர் சேவியர் மாமாவைக் கேட்டார். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனுக்கு இவரத் தெரியாது சார். நான் எங்கம்மாவத் தூக்கினு..." என்று தொடங்கினார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேனேஜர் பேனாவை மூடப்போனார். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக, யாரும் கேட்காமல் நான் பேசினேன். "சார், ஒரு கேள்வி."

"என்னம்மா? கேக்கல."

"ஒரு கேள்வி."

"சத்தமா சொல்லும்மா."

உன்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்டால் நீ மறுபடி வாசலைப் பார்ப்பாய். சேவியர் மாமா பக்கம் திரும்பி, "மாமா, எல்லாரும் மேக்கால ஓடுனப்போ ஒரு புள்ள வந்துச்சே, அது எந்தப் பக்கமா ஓடிச்சு?" என்றேன்.

"கடலப் பாத்து," என்றார் அவர் உடனே.

"நல்லாத் தெரியுமா?"

"இன்னா பாப்பா இப்பிடிக் கேக்குற? எதுக்கால ஓடியாந்ததுனாலதானே மோதிச்சு! மோதுனதுனாலதானே என் கொழம்பு..." அவர் நிறுத்தினார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். "சார், உண்மையச் சொல்லிடறேன். அம்மா இல்ல சார். கொழம்புச் சட்டி."

"கத்திரிக்கா போட்டதா?" என்று அத்தை கத்தினாள்.

"உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவர் அதைவிட உரக்கக் கத்தினார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றதை மேனேஜர் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். ஆனால் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நைனா. நீ சேவியர் மாமாவின் அருகே போனாய்.

"கடலப் பாத்தா ஓடிச்சு?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"ஆமாய்யா."

"அது ஒண்ணு மட்டுமா? வேற யாருமே அந்தப் பக்கம் ஓடலியா?"

"எவன் ஓடுவான்? நெருப்பு அங்கதானே கீது! ஊரே இந்தப் பக்கம், அந்தச் சனியன் மட்டும் அந்தப் பக்கம்."

நீ திரும்பினாய். வாசலைப் பார்க்கவே இல்லை. சட்டையை இறக்கி, தழும்பை மேனேஜரிடம் காட்டினாய். "அது நான்தான் சார். துணி இல்ல. ஆறு வயசு. இது கருவாட்டுக் கொழம்பு. எய்திக்கோங்க. ஆனா நான் கடலப் பாத்துத்தான் ஓடுனேன். அத்தயும் எய்திக்கோங்க."

"ஓடின திசையெல்லாம் எழுத இடம் கிடையாது," என்றார் ஹெட் கிளார்க்.

வயதைக் கணிக்க டாக்டர் ஒருவர் உன் பல்லைப் பார்த்தார். அத்தை உன்னை இடுப்பில் தூக்கியதை மேனேஜர் கணக்கில் எடுத்துக்கொண்டார். கடைசியில் உனக்கு ஏழு வருஷம் திருப்பிக் கொடுத்தார்கள். உனக்கு அது திருப்தி இல்லை. "பத்துல ஏழு போச்சுன்னா மீதி மூணு எங்க? எம்டன் எடுத்துகினு போய்ட்டான்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாய். கம்பெனியில் சில நாள் உன்னைக் "கொழம்பு" என்று கூப்பிட்டார்கள். அதற்குள் நீ டீக்கடையில் புதுக் கதையைத் தொடங்கிவிட்டாய். துணியில்லாத பையன், வாணவேடிக்கை, சேவியர் மாமாவின் முட்டி, கத்திரிக்காய். முன்பைவிடக் கூட்டம். சேவியர் மாமாவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து தன் பங்கைச் சொல்வார். கருவாடு மட்டும் வாராவாரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நான் பி.ஏ. முடித்தேன். நம் வீட்டில், நம் தெருவில், முதல் ஆள். இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். இன்னும் குரல் எழும்பாது. கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல் நாள், "உங்க வீட்ல ரொம்ப நாளா சொல்ற கதை ஒண்ண எடுத்துக்கோங்க. அத வேற ரெண்டு பேர் கிட்ட, எடுத்துக் கொடுக்காம கேட்டுட்டு வாங்க" என்று அனுப்புகிறேன். வீடுகளில் சண்டை வருகிறது என்று தலைமையாசிரியை குறைப்படுகிறார். வரட்டும். எவனாவது ஒரு கிளார்க் நம் வயதைத் தன் கணக்குப்படி எழுதிவிட்டால், அந்தப் பத்து வருஷத்தை மீட்டுக்கொண்டு வர நமக்கு வேறு எது இருக்கிறது?

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தாய். திருப்பிக் கொடுத்த ஏழு வருஷத்தைக்கூட நீ முடிக்கவில்லை. உன்னைக் குளிப்பாட்டும்போது, கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் உன் தோளைக் காட்டிப் பக்கத்திலிருந்தவனிடம், "எம்டன் குண்டு பட்ட தயும்புடா" என்று கிசுகிசுத்தான். அழுதுகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி, "குண்டு இல்லடா, சேவியரு வூட்டுக் கருவாட்டுக் கொழம்பு" என்றாள். மூலையில் நின்ற மேரியம்மா, "நான் வச்ச மொதக் கொழம்பு" என்று விம்மினார். சாவு வீடு என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்துவிட்டோம். உனக்குப் பிடித்திருக்கும்.

சைக்கிள் கடையில் நேற்று ஒட்டுப் போட்டு முடிந்ததும், அந்த மனிதர் டியூபை மறுபடி தண்ணீரில் முக்கிப் பார்த்தார். நானும் அடிக்கடி அப்படித்தான் செய்கிறேன். உன் கதையை எடுத்து, காற்றை ஏற்றி, அமுக்கித் திருப்புகிறேன். பதினாறு வயதில் குமிழி. கட்டுமரத்தில் குமிழி. அந்தப் பத்து பேரும் குமிழி. ஊரே மேற்கே ஓடியபோது ஒரு சின்னப் பையன் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடினான் என்கிற இடம் வருகிறது. எத்தனை அழுத்தினாலும், எத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்தாலும், அங்கே தண்ணீர் அசைவதில்லை, நைனா.